முன்சக்கரம் தூக்குகிறதா? பின்னால் போய்க் கொக்கியைப் பாருங்கள்

குறிஞ்சிப்பாடிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வீட்டில் 45 எச்.பி. டிராக்டர் இருக்கிறது. அப்பா இந்த வருஷம் பழைய இரண்டு சக்கர டிரெய்லர் ஒன்று வாங்கியிருக்கிறார். கொல்லையில் வெட்டிய கரும்பை ஏற்றிக்கொண்டு வாய்க்கால் கரைமேல் ஏறும்போது முன்சக்கரம் ஒரு முழம் தூக்குகிறது. பட்டறைக்காரர் பம்பரில் மணல் மூட்டை கட்டச் சொல்கிறார். பக்கத்துக் கொல்லைக்காரர் இரண்டு ஆளை முன்னால் உட்கார வைத்து ஏற்றிவிடு என்கிறார். "எத்தனை கிலோ வைத்தால் சரியாகும்?" என்பது தம்பியின் கேள்வி. அறுவடை முடிந்ததும் வைக்கோல் கட்டும் மிஷினை வாடகைக்கு எடுத்து ஓட்டப் போகிறேன், அதற்கும் ஏதாவது சொல்லுங்கள் என்று கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்.

தம்பி, நீங்கள் கிலோ கணக்கு கேட்டாலும் உண்மையில் கேட்டிருப்பது, வண்டி ஏன் தூக்குகிறது, அது என்மேல் கவிழுமா என்பதைத்தான். கவிழும். அதனால் கிலோ கணக்கைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு அதை முதலில் பேசுவோம். நான் பண்ருட்டியில் 24 வருஷம் டிராக்டர் மெக்கானிக்காக இருந்தவன். கவிழ்ந்த வண்டிகளை நிமிர்த்தப் போனதே அதில் பாதி இருக்கும். இன்ஜினியரிங் படித்தவனில்லை, ஆனால் இந்தக் கணக்குக்குக் கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும்.

உங்கள் கேள்வியில் போகிற போக்கில் ஒன்று சொல்லியிருக்கிறீர்கள். டிரெய்லரின் ஏர்க்கால், அதாவது டிராக்டரோடு மாட்டும் முன்தண்டு, வரப்பில் இடிக்கிறது என்று பட்டறையில் தகடு வைத்து வெல்டிங் அடித்து டிராக்டரின் கொக்கியை மேலே ஏற்றிவிட்டார்கள் என்று. விஷயமே அங்கேதான் இருக்கிறது. டிராக்டர் ஒரு சுமையை இழுக்கும்போது, அந்த இழுவை கொக்கியைப் பின்பக்கமாகப் பிடித்து இழுக்கும். கொக்கி தரைக்கு எவ்வளவு மேலே இருக்கிறதோ அவ்வளவுக்கு முன்சக்கரத்தின் எடை கழன்று பின்சக்கரத்துக்குப் போகும்.

ஒரு உதாரணக் கணக்கு போடுகிறேன். எண்களை எல்லாம் முழு எண்ணாக்கிக்கொண்டேன், உங்கள் வண்டிக்குச் சற்று முன்பின் ஆகும். டிராக்டர் 2000 கிலோ, அதில் முன்சக்கரத்தில் நிற்பது 750 கிலோ. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே 2 மீட்டர். டிரெய்லரும் கரும்பும் சேர்ந்து 5 டன். கரைச் சரிவு ஏழு அடிக்கு ஓர் அடி ஏறுகிறது என்று வையுங்கள். சரிவும் மண்ணும் சேர்ந்து கொக்கியில் சுமார் 1000 கிலோ இழுவை வரும். கொக்கி அரை மீட்டர் உயரத்தில் இருந்தால் அந்த இழுவை முன்சக்கரத்திலிருந்து 250 கிலோவை எடுத்துவிடும். இரண்டு சக்கர டிரெய்லர் என்பதால் அதன் ஏர்க்கால் 500 கிலோவைக் கொக்கிமேல் அழுத்துகிறது என்று கொண்டால், பின் அச்சுக்கு 65 சென்டிமீட்டர் பின்னால் தொங்கும் அந்தச் சுமை இன்னொரு 160 கிலோவை எடுக்கும். சரிவில் டிராக்டரின் சொந்த எடையே பின்னால் சாய்வதால் ஒரு 110. ஆக 520 போய், முன்னால் மிஞ்சுவது 230 கிலோ. ஸ்டியரிங் லேசாகத்தான் இருக்கும், ஆனாலும் சக்கரம் தரையில் நிற்கும்.

இப்போது கொக்கியை மட்டும் 80 சென்டிமீட்டருக்கு ஏற்றுங்கள். 250 என்பது 400 ஆகிறது. மிஞ்சுவது 80 கிலோ. கிளட்சைக் கொஞ்சம் வெடுக்கென்று விட்டாலே அதுவும் போய்விடும். நீங்கள் பார்த்த ஒரு முழம் அதுதான். லோடு அதேதான், டிராக்டரும் அதேதான், கரையும் அதேதான். ஒரு வெல்டிங் மட்டும் கூடியிருக்கிறது.

அதைவிட மோசம், 80 சென்டிமீட்டர் என்பது உங்கள் பின் அச்சின் மையத்தையே தாண்டிய உயரம். கொக்கி அச்சுக்குக் கீழே சரியான உயரத்தில் இருந்தால், முன்பக்கம் தூக்கத் தூக்கக் கொக்கி தரையை நோக்கி இறங்கும், வண்டியைக் கவிழ்க்கும் விசை குறைந்துகொண்டே வரும். கம்பெனிக்காரன் டிராபாரை, அதாவது கொக்கி இருக்கும் இழுவைக் கம்பியை, தாழ வைத்திருப்பது அதற்காகத்தான். அச்சுக்கு மேலே மாட்டினால் அந்தப் பாதுகாப்பு கிடைப்பதற்குள் வண்டி மல்லாந்துவிடும். அச்சுக்கு மேலே, கலப்பை மாதிரிக் கருவிகளைப் பிடிக்கும் டாப் லிங்க் மாட்டும் இடத்தில் சங்கிலி போட்டு மரம் இழுப்பவர்கள், சேற்றில் மாட்டிய இன்னொரு டிராக்டரை இழுப்பவர்கள் எல்லோருக்கும் இது பொருந்தும். டிராபாரைத் தவிர வேறெங்கும் மாட்டி இழுக்கக் கூடாது. இதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் கிடையாது.

அதனால் முதல் வேலை, அந்தத் தகட்டை அறுத்து எடுங்கள். ஏர்க்கால் இடிப்பதற்கு வரப்பை வெட்டி வழி அகலப்படுத்தலாம், டிரெய்லரின் ஏர்க்காலையே வளைத்து மாற்றிக் கட்டித் தருகிறவர்களும் இருக்கிறார்கள். டிராக்டர் பக்கம் கை வைக்காதீர்கள். இரண்டாவது, அந்தக் கரை ஏற்றம். ஜேசிபியை அரை நாள் வரச்சொல்லி, ஏழடிக்கு ஓரடி ஏறுவதைப் பன்னிரண்டு, பதினைந்து அடிக்கு ஓரடியாக நீட்டிவிடுங்கள். வாய்க்கால் பொதுப்பணித்துறையுடையது என்றால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். செலவுக்கு யோசிக்கிறவர்கள் அதுவரை பாதி லோடாக ஏற்றிக் கரைமேல் கொண்டுபோய் வைத்து, அங்கே சேர்த்துக்கொள்ளலாம். கரும்பை வெட்டச் சொல்லி ஆலையிலிருந்து கட்டிங் ஆர்டர் வந்துவிட்டால் ஆளுக்கு ஆள் அவசரப்படுத்துவார்கள், தெரியும். ஆனாலும் இரண்டு நடை போவதால் ஆலை ஓடிப்போகாது.

கரும்பை ஏற்றும் விதமும் முக்கியம். இரண்டு சக்கர டிரெய்லரில் முன்பக்கமே குவித்தால் ஏர்க்கால் கொக்கியை அழுத்தி முன்சக்கரத்தைத் தூக்கும். பயந்துபோய்ப் பின்பக்கம் குவித்தால் ஏர்க்கால் மேலே எகிறும், பின்சக்கரத்தின் பிடிப்பு போகும், ரோட்டில் டிரெய்லர் வாலாட்டும். டிரெய்லர் அச்சுக்கு மேலே சமமாக ஏற்றி, முன்பக்கம் துளி கூடுதலாக விட வேண்டும். எத்தனை சதவீதம் என்று இதில் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். நான் பார்க்கிற விதம், லோடு ஏற்றியதும் பத்தடி நகர்த்தி, ஸ்டியரிங்கை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஒடித்துப் பார்ப்பேன். காலியாக ஓட்டும்போது இருந்த கனம் பாதிகூட இல்லையென்றால் இறக்கி அடுக்கச் சொல்வேன். இது என் கைப்பழக்கம், கருவி வைத்து அளந்ததல்ல.

சரி, எடைக்கு வருவோம். முன்னால் எடை வைப்பது தப்பில்லை. பம்பரில் போல்ட் போட்டு மாட்டும் இரும்பு எடைகளைக் கம்பெனியே விற்கிறது, உங்கள் மாடலுக்கு எத்தனை மாட்டலாம் என்று வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும். அதுக்குமேல் ஏற்றினால் முன் அச்சும் பேரிங்கும் பிறகு பழிவாங்கும். மணல் மூட்டை கட்டுவதை நான் ஒத்துக்கொள்வதில்லை. குலுங்கிச் சரிந்து சக்கரத்தடியில் விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். ஆளை உட்கார வைப்பது பற்றிப் பேசவே வேண்டாம். முன்சக்கரம் தூக்கி இறங்கும் குலுக்கலில் முன்னால் விழுகிறவன் நேராக அதே சக்கரத்துக்குள்தான் விழுவான். இன்னொன்று, பின் டயரில் தண்ணீர் நிரப்பினால் சரியாகும் என்று யாராவது சொல்வார்கள். தண்ணீர் நிரப்பினால் பின்சக்கரத்துக்குப் பிடிப்பு கூடும். பிடிப்பு கூடினால் வழுக்க வேண்டிய சக்கரம் வழுக்காமல் இன்னும் அழுத்தி இழுக்கும், முன்பக்கம் இன்னும் சுலபமாகத் தூக்கும். உங்கள் நோய்க்கு அது எதிர் மருந்து. எடையை முதலில் மாட்டிவிட்டுக் கொக்கியை அப்படியே விட்டால், தூக்குவது நின்றதுபோலத் தெரியும், நீங்களும் தைரியமாக இன்னும் ஒரு டன் ஏற்றுவீர்கள். எடை வேண்டாம் என்று நான் சொல்லாமல், கடைசியில் வையுங்கள் என்று சொல்வது அதனால்தான்.

முன்சக்கரம் தூக்கிவிட்டால் என்ன செய்வது? டிராக்டர் பின்பக்கமாகக் கவிழ ஒன்றரை விநாடி போதும் என்பார்கள். அதிலும் முக்கால் விநாடிக்குள் கிளட்சை மிதிக்காவிட்டால், பிறகு மிதித்தும் பயனில்லை. யோசித்து முடிப்பதற்குள் நேரம் போய்விடும், அதனால் ஏற்றத்தில் இடது கால் கிளட்ச் பக்கத்திலேயே இருக்கட்டும். ஆனால் கிளட்ச்மேல் காலை ஊன்றிக்கொண்டே ஓட்டாதீர்கள், பிளேட் தேயும். கிளட்சை மிதித்ததும் முன்பக்கம் தரைக்கு வந்துவிடும், அப்போது வண்டி பின்னால் உருளப் பார்க்கும். அங்கே பயத்தில் பிரேக்கை ஓங்கி மிதித்தால் திரும்பவும் முன்பக்கம் தூக்கும், ஏனென்றால் பின்னால் உருளும்போது பின்சக்கரத்தைப் பூட்டினால் உடம்பு அதைச் சுற்றித்தான் திரும்பும். மெதுவாக, விட்டுவிட்டுப் பிடியுங்கள். முன்சக்கரம் தூக்கியிருக்கும்போதே ஒரு பக்கப் பின்சக்கரத்துக்கு மட்டும் ஒற்றைப் பிரேக் பிடித்து வண்டியைத் திருப்புகிற வித்தைக்காரர்கள் நம் பக்கம் நிறையப் பேர் உண்டு. பார்க்க நன்றாகத்தான் இருக்கும்.

இதே இடத்தில் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பின்சக்கரம் சேற்றில் புதைந்துவிட்டால் சக்கரத்தோடு குறுக்கே ஒரு சவுக்குக் கட்டையைச் சங்கிலியால் கட்டி முன்னால் எடுப்பார்கள். வீராணம் பாசன வயல்களில் நடவுச் சமயத்தில் சாதாரணமாகப் பார்க்கலாம். கட்டை மண்ணில் மாட்டிக்கொண்டு சக்கரம் சுற்ற முடியாமல் நின்றுவிட்டால், இன்ஜின் சக்கரத்தைச் சுற்றுவதற்குப் பதிலாக வண்டியைச் சக்கரத்தைச் சுற்றிச் சுழற்றும். டிரெய்லரைக் கழற்றிவிட்டு, சக்கரத்துக்குப் பின்னால் மண்ணை வெட்டி, பின்னால் எடுத்துப் பாருங்கள். வரவில்லையென்றால் இன்னொரு டிராக்டரைக் கூப்பிடுங்கள், தாழ்ந்த டிராபாரில் நீளமாகச் சங்கிலி போட்டு இழுக்கட்டும், மற்றவர்கள் சங்கிலி நீளத்தைத் தாண்டித் தள்ளி நிற்கட்டும்.

டிரெய்லர் மாட்டுவது பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன். என் இடது கை மோதிர விரலுக்கு நுனி இல்லை. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம், டிராக்டர் பின்னால் வர, நான் ஏர்க்காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். துளையும் துளையும் நேராக வந்துவிட்டதா என்று எல்லோரும் செய்வதுபோல விரலை விட்டுப் பார்த்தேன். ஓட்டியவர் நல்ல டிரைவர்தான். கிளட்ச்சிலிருந்து கால் ஒரு அங்குலம் நழுவியது, அவ்வளவுதான். சத்தம்கூட வரவில்லை. அன்றிலிருந்து துளை பார்க்க ஒரு ஸ்குரூடிரைவர் வைத்திருக்கிறேன். மாட்டுகிற ஆள் வண்டிக்கும் டிரெய்லருக்கும் நடுவே நிற்கவே கூடாது. டிராக்டர் முழுதாக நின்று, நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, ஓட்டுகிறவர் கையைத் தூக்கிக் காட்டிய பிறகு உள்ளே போகட்டும். ஏர்க்கால் ஜாக்கிமேல் நிற்க வேண்டும், டிரெய்லர் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டை வைத்திருக்க வேண்டும். கொக்கித் துளையில் போடும் இரும்புப் பின்னுக்குப் பதிலாகக் கட்டிடக் கம்பியை வெட்டிப் போட்டிருந்தால் இன்றைக்கே தூக்கி எறியுங்கள். சரியான பின் போட்டு, அது குலுக்கலில் மேலே வராமலிருக்கக் கீழே கிளிப் போட வேண்டும். கூடவே ஒரு சங்கிலியை ஏர்க்காலிலிருந்து டிராக்டருக்கு மாட்டிவிட்டால், அந்தப் பின் கழன்று போனாலும் டிரெய்லர் தனியாக ஊருக்குள் போகாது.

ரோட்டுக்கு வந்துவிட்டால் பிரச்சினை தலைகீழ். கொல்லையில் இழுக்க முடிகிறதா என்ற கவலை, ரோட்டில் நிற்குமா என்று மாறுகிறது. டிரெய்லருக்குத் தனியாகப் பிரேக் இல்லாவிட்டால் 2 டன் டிராக்டரின் பிரேக்தான் மொத்தம் 7 டன்னையும் நிறுத்தியாக வேண்டும். தனியாக 6 மீட்டரில் நிற்கிற வண்டி, கணக்குப்படி 21 மீட்டர் போய்த்தான் நிற்கும். வேகம் இரண்டு மடங்கானால் அந்தத் தூரம் நான்கு மடங்காகும். இடது, வலது பிரேக் பெடல்களைக் கொண்டி போட்டு ஒன்றாக இணைக்காமல் ரோட்டில் ஏறாதீர்கள். வயலில் ஒற்றைப் பிரேக்குக்குப் பழகிய கால் அவசரத்தில் ஒன்றைத்தான் மிதிக்கும், டிரெய்லர் பக்கவாட்டில் மடிந்து டிராக்டரை இடிக்கும். திருவந்திபுரம் போகும் கேப்பர் மலைச் சரிவு, ஆற்றுப் பாலங்களின் இறக்கம், ரயில்வே மேம்பாலம் எதுவானாலும் ஏறும்போது எந்த கியர் தேவைப்படுமோ அதே கியரில் இறங்குங்கள். அதுவும் இறக்கம் ஆரம்பிக்குமுன்பே போட்டுவிட வேண்டும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் மரியாதையான வார்த்தை இல்லை.

இருட்டிய பிறகு கடலூர்–புதுச்சேரி ரோட்டில் கரும்பு வண்டிக்குப் பின்னால் பைக்கில் வந்து பாருங்கள். சோகை, அதாவது காய்ந்த கரும்பு இலை, தொங்கி பின்விளக்கை மூடியிருக்கும், ஒளிரும் ஸ்டிக்கரும் தெரியாது. பின்னால் வருகிறவனுக்கு அங்கே ஒரு வண்டி இருப்பதே பத்தடியில்தான் தெரியும். சோகையைக் கழித்துவிட்டு, கடைசிக் கட்டுக்கு வெளியே ஒரு சிவப்பு ரிஃப்ளெக்டர் பலகையைக் கட்டுங்கள். லோடு உயரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள், கொல்லைப் பாதையில் தொய்ந்த மின்கம்பி எங்கே இருக்கிறது என்று பகலில் ஒருமுறை நடந்து பார்த்துவிடுவது நல்லது. டயர் பஞ்சரானால் சுற்றிலும் கல் வைக்கிறோம், சரி. வேலை முடிந்து போகும்போது அந்தக் கல்லை எடுத்துப் போடுகிறவர்கள் குறைவு. அப்படி விட்டுப்போன கல்லில் ஏறி விழுந்த ஒருவரை நானே ஆட்டோவில் ஏற்றி அனுப்பியிருக்கிறேன். நடவு ஆட்களை டிரெய்லரில் ஏற்றாதீர்கள், மட்கார்டில் பையனை உட்கார வைக்காதீர்கள். இதை எல்லோருக்கும் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது, ஆனாலும் ஒவ்வொரு நடவுச் சமயத்திலும் யாராவது ஏற்றுகிறார்கள்.

வைக்கோல் கட்டும் மிஷின் விஷயத்துக்கு வருகிறேன். அது பி.டி.ஓ. ஷாஃப்டில், அதாவது டிராக்டர் இன்ஜினின் சுழற்சியைப் பின்னால் மாட்டிய மிஷினுக்குக் கொண்டுபோகும் தண்டில், ஓடுவது. நிமிஷத்துக்கு 540 சுற்று என்றால் விநாடிக்கு 9 சுற்று. ஷாஃப்டின் சுற்றளவு ஒரு சாண் என்றாலும் விநாடிக்கு இரண்டு மீட்டர் துணியைச் சுருட்டிவிடும். தோளிலிருந்து தொங்கும் துண்டின் நுனி மாட்டினால் கையை எடுக்க நேரமிருக்காது. துண்டு, தொளதொளக்கும் லுங்கி, பெண்களானால் முந்தானை, துப்பட்டா எதுவும் அந்தப் பக்கம் வேண்டாம். ஷாஃப்டைச் சுற்றிப் பிளாஸ்டிக் உறை ஒன்று இருக்கும், அது உடைந்துபோன மிஷினை வாடகைக்கு எடுக்காதீர்கள். "உறை இல்லாமலே ஓடும் அண்ணே" என்பார் மிஷின்காரர். ஓடும்தான். ஓடும் ஷாஃப்டைத் தாண்டிக் குதிக்காதீர்கள், சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். பனியில் நனைந்த வைக்கோல் வாயில் அடைத்துக்கொள்ளும்போதுதான் கை போகிறது. ஓடும்போதே காலால் தள்ளுவார்கள், கையால் இழுப்பார்கள். உருளை வைக்கோலை இழுக்கும் வேகத்துக்குக் கையை விட முடியாது. பி.டி.ஓ.வை நிறுத்தி, இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்துப் பாக்கெட்டில் போட்டு, சுற்றுவது எல்லாம் முழுதாக நின்றதைக் கண்ணால் பார்த்த பிறகு கை வையுங்கள். அணைத்த பிறகும் மிஷின் சிறிது நேரம் தன்னால் சுற்றும். திருப்பத்திலும் கவனம் வேண்டும், வயல் முனையில் ரொம்ப ஒடித்துத் திருப்பினால் ஷாஃப்டின் மூட்டு தெறிக்கும், முன்னதாக பி.டி.ஓ.வை நிறுத்திவிட்டுத் திரும்புங்கள்.

உங்கள் வண்டியில் கவிழ்ந்தாலும் ஓட்டுகிறவரைக் காப்பாற்றும் கனத்த இரும்புச் சட்டம் இருந்தால் சீட் பெல்ட்டைக் கட்டுங்கள். வெயிலுக்குப் போட்ட மெல்லிய பைப் பந்தல் அந்தச் சட்டம் ஆகாது, அதை நம்பிப் பெல்ட் போடவும் கூடாது. லைசென்ஸ், இன்சூரன்ஸ் என் துறை இல்லை. ஒன்று மட்டும் சொல்வேன், சொந்தக் கரும்பை ஏற்றுவதும் வாடகைக்கு ஓட்டுவதும் காகிதத்தில் ஒன்றல்ல, டிரெய்லருக்கும் தனிப் பதிவு உண்டு. மிஷினை வாடகைக்கு ஓட்ட ஆரம்பிக்குமுன் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் பாலிசி போட்ட இடத்திலும் நேரில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போதைக்கு ஒரு வேலை. டயர்களில் காற்றைச் சரிபார்த்துவிட்டு, சமதரையில் நிறுத்தி, தரையிலிருந்து கொக்கித் துளை வரைக்கும், தரையிலிருந்து பின் அச்சு மையம் வரைக்கும் டேப் வைத்து அளந்து இரண்டு எண்ணையும் டிராக்டர் மாடலோடு இங்கே போடுங்கள். அந்த வெல்டிங்கைப் பக்கவாட்டிலிருந்து ஒரு போட்டோ எடுத்துப் போட்டால் இன்னும் நல்லது. அதுவரைக்கும் அந்தக் கரையில் முழு லோடு ஏற்ற வேண்டாம்.